96 வீடுகள், 131 வாக்குகள்

சென்னைப் புறநகரில் நான் வசிக்கும் அடுக்ககத்தில் மொத்தம் 96 வீடுகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் நிலையம் ஒன்றை வீட்டுக்கு 38,000 ரூபாய் செலவில் அமைப்பதா, லாரித் தண்ணீரையே தொடர்ந்து வாங்குவதா என்பது கேள்வி. கூகுள் படிவம் ஒன்றின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார்கள். நிலையத்துக்கு ஆதரவாக 70, எதிராக 61 என்று முடிவு வந்தது. கூட்டினால் 131.

விசாரித்தபோது பாதிக் காரணம் எளிதாகவே விளங்கியது. சில வீடுகளில் கணவனும் மனைவியும் தனித்தனியே வாக்களித்திருந்தனர். வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் உரிமையாளர் ஒருமுறையும் குடியிருப்பவர் ஒருமுறையும் வாக்களித்திருந்தனர். 'குடியிருப்போர் வாக்களிக்கலாம்' என்பதற்கு மேல் படிவத்தில் எந்த விதியும் இல்லாததால் இவர்கள் எவரையும் குறைசொல்ல இயலாது. மீதிப் பாதிதான் சிக்கல். ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய வாக்கெடுப்பு, 'பலரது வேண்டுகோளுக்கு இணங்க' திங்கள் நள்ளிரவு வரை நீட்டிக்கப்பட்டது. ஞாயிறு இரவு எதிர்த்தரப்பே முன்னணியில் இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. திங்கள் இரவு 11.40 மணியிலிருந்து ஆறு நிமிடங்களுக்குள் ஒன்பது வாக்குகள் விழுந்திருந்தன. ஒன்பதும் ஒரே பக்கம். வெற்றி வித்தியாசமும் ஒன்பது.

இது மோசடி என்று எவராலும் மெய்ப்பிக்க முடியவில்லை. மோசடி இல்லை என்று சங்க நிர்வாகிகளாலும் மெய்ப்பிக்க முடியவில்லை. விளைவாக 34 வீட்டினர் நான்கு மாதங்கள் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைத்தனர். காவலாளிகளுக்குச் சம்பளம் தாமதமாயிற்று. மின்தூக்கிப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் இருந்த முதியவர்கள் கீழே இறங்குவதையே குறைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய வாக்கெடுப்புகள் இன்று எங்கும் நடக்கின்றன. முன்னாள் மாணவர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், கோயில் திருவிழாக் குழு, பள்ளி ஓவியப் போட்டி என்று பட்டியல் நீளும். தேர்தல் ஆணையத்தின் பார்வைக்கு இவை வருவதில்லை, வரவும் வேண்டியதில்லை. ஆனால் பணம், பதவி, தண்ணீர் போன்றவை இவற்றால் தீர்மானிக்கப்படுகின்றன. பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் முதலில் கண்ணில் படுவது விலைதான்: ஒரு கூடுதல் வாக்கைப் போட எவ்வளவு செலவாகும்? புதிய மின்னஞ்சல் முகவரி தொடங்கக் காசு தேவையில்லை. ஒரே வீட்டில் நான்கு சிம் அட்டைகள் இருப்பது இயல்பு. அடையாளம் இலவசமாகக் கிடைக்குமிடத்தில், 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்ற விதி 'ஒரு கணக்குக்கு ஒரு வாக்கு' என்று தானாகவே உருமாறிவிடுகிறது.

கணினி அறிவியலில் இதற்கு 'சிபில் தாக்குதல்' என்று பெயர். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜான் டூசர் 2002-இல் எழுதிய ஆய்வுரையால் நிலைபெற்ற பெயர் அது. பல ஆளுமைகளைக் கொண்டவராகச் சித்திரிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய நூலின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அடையாளங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்கும் ஒரு மையம் இல்லாவிடில், ஒருவரே பலராக வேடமிடுவதை நடைமுறையில் முற்றிலும் தடுக்க இயலாது என்பது டூசரின் வாதம். விக்கிப்பீடியர்கள் இப்படிப்பட்ட போலிக் கணக்கைக் 'கைப்பாவை' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அது.

கைப்பாவைகளின் வரலாறு இணையத்துக்கும் முந்தையது. அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் ஆண்டுதோறும் ஒரு நட்சத்திர ஆட்டம் நடக்கும். அதில் ஆடுவோரை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1957-இல் சின்சினாட்டி நகரத்து நாளிதழ் ஒன்று, உள்ளூர் வீரர்களின் பெயர்களை முன்கூட்டியே நிரப்பிய சீட்டுகளை அச்சிட்டு வழங்கியது. மொத்தச் சீட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த ஒரே நகரிலிருந்து வந்தன. அந்த நகர அணியின் ஏழு பேர் தொடக்க வரிசைக்குத் தேர்வானார்கள். ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் அவர்களில் இருவரை நீக்கி, வில்லி மேஸையும் ஹேங்க் ஆரனையும் சேர்த்தார். அத்துடன் ரசிகர்களின் வாக்குரிமையையும் பறித்துவிட்டார். 1970-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. இணையம் வந்தபின், 1999-இல் ஒரு நிரலாளர் சிறு நிரல் ஒன்றை எழுதித் தன் அபிமான வீரருக்கு 25,000-க்கும் அதிகமான வாக்குகளைப் போட்டார், கண்டுபிடித்து நீக்கினார்கள். 2015-இல் செல்லாதவை என்று நீக்கப்பட்ட வாக்குகள் 6 கோடிக்கும் மேல். ஓர் ஆட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு!

தடுப்பு முறை என்றதும் இளைஞர்கள் தொழில்நுட்பத்தையே முதலில் சொல்கிறார்கள். ஒரே இணைய முகவரியிலிருந்து இரண்டாவது வாக்கு வந்தால் மறுத்துவிடலாமே என்பார்கள். ஒரு வீட்டு வைஃபையைப் பயன்படுத்தும் ஐந்து பேருக்கும் வெளியுலகுக்குத் தெரியும் முகவரி பெரும்பாலும் ஒன்றே. கைப்பேசி நிறுவனங்களோ ஒரே முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஆகவே இந்தத் தடை நேர்மையான குடும்பத்தைத் தடுக்கும். ஏமாற்ற நினைப்பவர் வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசித் தரவுக்கு மாறிக்கொள்வார். 'நான் இயந்திரம் அல்ல' என்று கட்டத்தைச் சொடுக்கச் சொல்வது நிரல்களைத் தடுக்கலாம். நள்ளிரவில் பொறுமையோடு உட்கார்ந்திருக்கும் மனிதரைத் தடுக்காது. கூகுள் படிவத்தில் ஒருவர் ஒருமுறைதான் பதிலளிக்கலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. அதுவும் எண்ணுவது கணக்குகளைத்தான்.

எங்கள் அடுக்ககத்தில் பெருக்க முடியாத பொருள் ஒன்று இருக்கிறது. அது வீடு. 96 என்பது எவர் நினைத்தாலும் 97 ஆகாது. எந்தக் குழுவிலும் இப்படி எளிதில் பெருக்க முடியாத ஒன்றைத் தேடி எடுத்து, வாக்கை அதனுடன் பிணைக்க வேண்டும். முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அது சேர்க்கைப் பதிவேட்டு எண்ணாக இருக்கலாம். ஓய்வூதியர் சங்கத்துக்கு ஓய்வூதியக் கொடுப்பாணை எண். விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் தேர்தலில், குறிப்பிட்ட தேதிக்கு முன்பே குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்களிப்புச் செய்திருந்தால்தான் வாக்குரிமை. நூற்றுக்கணக்கான தொகுப்புகளைச் செய்து ஒரு கைப்பாவையை வளர்ப்பவருக்கு அந்த உழைப்பே செலவு.

தேதி இதில் மிக முக்கியம். வாக்காளர் பட்டியல் முதலில் மூடப்பட வேண்டும். கேள்வி பிறகு அறிவிக்கப்பட வேண்டும். கேள்வி தெரிந்த பின் பட்டியல் திறந்திருந்தால், ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய ஆட்களைச் சேர்க்கும். மூடிய பட்டியலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரு வாரமாவது ஒட்டி வைக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடு எது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வீடு எது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

பட்டியல் கச்சிதமாக இருந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருதுக்குக் கட்டணம் செலுத்திய உறுப்பினர்களே பரிந்துரை செய்ய முடியும். 2015-இல் அங்கே ஒரு சிறு குழுவினர் முன்கூட்டியே பட்டியல் தயாரித்து, அதன்படி அனைவரும் ஒரேமாதிரி பரிந்துரைத்தார்கள். மற்றவர்களின் பரிந்துரைகள் நூறு திசைகளில் சிதறிக் கிடக்க, ஒன்றுதிரண்ட சிறுபான்மை பல பிரிவுகளின் இறுதிப் பட்டியலை முழுவதுமாகக் கைப்பற்றியது. எந்த விதியும் மீறப்படவில்லை. கோபமுற்ற உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளில் 'எவருக்கும் விருது இல்லை' என்றே வாக்களித்தார்கள். பின்னர் எண்ணும் முறையையே மாற்றி, 2017 முதல் புதிய முறையைக் கையாண்டார்கள். இரண்டுக்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது தந்திரமாக வாக்களிக்க வழியே தராத முறையை, ஒருவரைச் சர்வாதிகாரி ஆக்காமல் வடிவமைக்க முடியாது என்று ஆலன் கிப்பர்டு 1973-லும் மார்க் சாட்டர்த்வெயிட் 1975-லும் கணித வழியில் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே குடியிருப்புச் சங்கங்களுக்கு நான் தரும் அறிவுரை எளிது: இயன்றவரை கேள்வியை ஆம், இல்லை என்று இரண்டாகச் சுருக்குங்கள்.

வாக்காளர் செய்யும் மோசடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நடத்துபவரின் கையில் இருக்கும் வாய்ப்புகள் அதைவிட அதிகம். கூகுள் படிவத்தை உருவாக்கியவர் நிமிடத்துக்கு நிமிடம் முன்னிலை நிலவரத்தைப் பார்க்கலாம். தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் 'மறந்துவிடாதீர்கள்' என்று நினைவூட்டலாம். தோற்கும்போது கெடுவை நீட்டித்து, முந்தியவுடன் முடித்துவிடலாம். புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்தத் தவறு பழக்கமானது. வேண்டிய முடிவு வரும்வரை சோதனையைத் தொடர்ந்து, வந்த கணத்தில் நிறுத்துவதற்கு ஒப்பானது. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்து, தலை ஒன்று கூடுதலாக விழுந்த நேரத்தில் எழுந்து போகிறவர் எத்தனையோ முறை ஜெயிப்பார். ஒரு வாக்கைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் 2022 இறுதியில் வந்த வாக்கெடுப்பு வசதியில் இந்தக் குறை இல்லை. நிலவரம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பதும் சேர்ந்தே தெரியும். செயலாளருக்கு எதிரான தீர்மானத்தில், அவரிடம் நாளை குழாய் பழுதுக்குப் போய் நிற்க வேண்டிய குடித்தனக்காரர் எப்படி வாக்களிப்பார்? மறைவு வேண்டும், எண்ணிக்கை சரிதானா என்று சரிபார்க்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

நம் மண்ணில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அதை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு பிராமண ஊர்ச்சபை; நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம். நடந்ததும் குலுக்கல்தான், வாக்கு எண்ணிக்கை அன்று. ஆயினும் மோசடிக்கு எதிரான ஏற்பாடுகள் வியப்பளிப்பவை. பழைய பொறுப்புக்குக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிட முடியாது. வெறுங்குடத்தைச் சபையோர் அனைவரும் காணும்படி முதியவர் ஒருவர் உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் படித்த பெயரை அங்குள்ள நம்பிமார் எல்லோரும் மீண்டும் படிக்க வேண்டும். விரித்த விரல்களுக்கிடையில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க முடியாது. மத்தியஸ்தர் நல்லவரா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு வேலையில்லை.

இரண்டாவது வாக்கெடுப்பை நடத்தித் தரும்படி இரு தரப்பும் என்னைக் கேட்டபோது இந்தக் கல்வெட்டைத்தான் மனத்தில் கொண்டேன். வீட்டுக்கு ஒரு வாக்கு, யார் போடுவது என்பதை உரிமையாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பட்டியலை மின்தூக்கி அருகில் எட்டு நாட்கள் ஒட்டினோம். எவராலும் ஊகிக்க முடியாத எட்டு எழுத்துக் குறியீடுகள் 96-ஐ அச்சிட்டு, ஒரே மாதிரியான உறைகளில் ஒட்டி, கூடத்தில் வைத்து எல்லோர் முன்னும் எண்ணி ஒரு பெரிய அண்டாவில் கொட்டிக் கலந்தோம். வந்தவர் பெயரைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, அவரே ஓர் உறையை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். எந்தக் குறியீடு எவரிடம் போயிற்று என்பது எனக்கும் தெரியாது. படிவத்தில் அந்தக் குறியீட்டைத் தட்டி வாக்களிக்கலாம். கைப்பேசி வேண்டாதவர்கள் திரைமறைவில் சீட்டில் குறியீட்டையும் விருப்பத்தையும் எழுதிப் பெட்டியில் போடலாம். 11 பேர் பெட்டியையே நாடினார்கள். அவர்களில் பலர் வயதான பெண்கள். அவர்களுடைய கைப்பேசியைக் கையாள்வது பெரும்பாலும் மகனோ மருமகளோதான்.

படிவம் இருந்த கணக்கின் கடவுச்சொல்லை இரண்டாகப் பிரித்தோம். முதற்பாதி ஆதரவாளர் ஒருவருக்கும் பிற்பாதி எதிர்ப்பாளர் ஒருவருக்கும் மட்டுமே தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நிலவரத்தைத் திறக்க முடியும். நீட்டிப்பு கிடையாது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டினோம்.

வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான குறியீடுகள் அனைத்தையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது அளித்த வாக்கையும், அறிவிப்புப் பலகையில் வெளியிட்டோம். தன் குறியீட்டைத் தானே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அதன்பின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அண்டாவில் மிஞ்சிய உறைகள் ஏழு. அவற்றைக் கூட்டத்தில் பிரித்து, அந்த ஏழு குறியீடுகளும் வாக்குப் பட்டியலில் இல்லை என்பதைப் படித்துக் காட்டினோம். வராதவரின் வாக்கை வேறொருவர் போடுவது நம் நாட்டின் பழைய வியாதி அல்லவா? 89 பேர் உறை எடுத்தார்கள். 88 பேர் வாக்களித்தார்கள். நிலையத்துக்கு ஆதரவாக 52, எதிராக 36. முதல் வாக்கெடுப்பில் வென்ற தரப்பே மறுபடியும் வென்றது, அதுவும் இன்னும் பெரிய வித்தியாசத்தில். அந்த நள்ளிரவு ஒன்பது வாக்குகள் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை. கட்டணத்தை நிறுத்தியிருந்த 34 வீட்டினரில் 32 பேர் மறு மாதமே நிலுவையைச் செலுத்திவிட்டனர். மற்ற இருவரின் வழக்கு வேறு. அவர்கள் வாக்கெடுப்புக்கு முன்பும் செலுத்தியவர்கள் அல்லர்.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. 'நான் மாற்றி வாக்களித்தேன், பலகையில் வேறாக இருக்கிறது' என்று ஒருவர் பொய்ப் புகார் சொன்னால் மறுக்க வழியில்லை. எனவே புகார்களின் எண்ணிக்கை வித்தியாசத்தில் பாதியை எட்டாவிட்டால் முடிவு நிற்கும் என்று முன்பே விதித்திருந்தோம். 16 வாக்கு வித்தியாசத்தை அழிக்க எட்டு வாக்குகளாவது இடம் மாறியிருக்க வேண்டும். புகார் எதுவும் வரவில்லை. இன்னொரு ஓட்டை பெரியது: குறியீட்டைக் காட்டித் தன் வாக்கை மெய்ப்பிக்க முடியும் என்பதால், வாக்கை விற்கவும் முடியும். கோடிக்கணக்கான ரூபாய் ஒப்பந்தம் சம்பந்தப்பட்டிருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வாக்குப்பெட்டிதான் அங்கே சிறந்தது.

எல்லாவற்றுக்கும் இத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. பொங்கல் விழாவுக்குச் சீருடைச் சேலை என்ன நிறம் என்பதற்கு வாட்ஸ்அப் வாக்கெடுப்பே போதும். ஏமாற்றுவதால் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவோ அந்த அளவுக்குக் காவல் இருந்தால் சரி. முடிவு கட்டுப்படுத்துமா, கருத்துக் கேட்பு மட்டுமா என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2016-இல் பிரிட்டனின் இயற்கைச் சுற்றுச்சூழல் ஆய்வு மன்றம் தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டது. விளையாட்டாக ஒருவர் முன்மொழிந்த 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற கேலிப் பெயருக்கு 1,24,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. இறுதி முடிவு தம்முடையதே என்ற நிபந்தனை முன்பே இருந்ததால், கப்பலுக்கு இயற்கை ஆர்வலர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டி, கேலிப் பெயரைக் கப்பலில் செல்லும் சிறு நீர்மூழ்கிக் கருவிக்கு வைத்துச் சமாளித்தார்கள்.

'என் பேரனின் ஓவியத்துக்கு வாக்களியுங்கள்' என்று தினமும் வரும் இணைப்புகளைப் பற்றி ஒரு சொல். விருப்பக்குறிகளை மொத்த விலைக்கு விற்கும் வியாபாரம் நடக்கும் காலத்தில், அதிக விருப்பக்குறி பெற்ற குழந்தைக்குப் பரிசு என்று பள்ளிகள் அறிவிப்பது எனக்குப் புரியவில்லை. இரண்டு ஓவிய ஆசிரியர்களை உட்காரவைத்தால் முடிகிற வேலை அது. வாக்களிக்க ஆறு இலக்க எண்ணைக் கேட்கும் இணைப்பு வந்தால் உடனே மூடிவிடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் கணக்கைக் களவாட அது பழகிய தந்திரம்.

தமிழ்நாட்டு அடுக்ககச் சங்கங்கள் பலவும் 1975 ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. நான் பார்த்த துணைவிதிகள் எதிலும் இணைய வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செயலாளர் தொடங்கும் படிவமே விதியாகிவிடுகிறது. பட்டியல் எந்த நாளில் மூடப்படும், கெடுவை யாரும் நீட்டிக்கக் கூடாது, எண்ணும்போது இரு தரப்பும் உடனிருக்க வேண்டும், மிஞ்சிய வாக்குகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நான்கு வரிகளைப் பொதுக்குழு கூடித் துணைவிதிகளில் சேர்த்துவிடலாம். அந்தத் திருத்தத்துக்கும் வாக்கெடுப்பு தேவைப்படும்தான். அதைக் கையுயர்த்தியே நடத்திவிடலாம்.